முதலில் ரூம், அப்புறம் ஜமாப்

கண்ணு,

குடிக்கான சிகிச்சை முடிந்து காரமடைக்கே திரும்பிவிட்டாய். மாசித் தேர் நெருங்குகிறது, ஜமாப் மேளச் செட்டில் மறுபடி சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர். அதற்கு முன்னால் ஒரு ரூம் பிடி.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் படுத்தெழுந்த உனக்கு விளக்க வேண்டியதில்லை. அடித்து முடிக்க ராத்திரி இரண்டு மணி, கையில் சம்பளம், போய்ப் படுக்க இடமில்லை. கெடுவது அந்த நேரத்தில்தான். டாஸ்மாக் பத்து மணிக்கே சாத்திவிடும் என்று இருந்துவிடாதே. கோயில் நோம்பிக் கமிட்டியில் முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். துண்டு போடுகிற மாதிரி மரியாதையாகத்தான் நீட்டுவார்கள். முறைக்காதே. “மாத்திரை சாப்பிடறனுங்க” என்று சொல். நம்மூரில் மாத்திரைக்கு இருக்கிற மதிப்பு சபதத்துக்குக் கிடையாது. சம்பளத்தை மறுநாள் அம்மா கணக்கில் போட்டுவிடும்படி செட் வாத்தியாரிடம் இப்போதே பேசி வை.

குடியை அடியோடு விட்டவனுக்குத்தான் வீடு என்பார்கள். 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அந்த வரிசையை மாற்றினார். தெருவில் கிடந்தவர்களுக்கு நிபந்தனையில்லாமல் முதலில் வீட்டைக் கொடுத்தார். பெரும்பாலோர் அதிலேயே நிலைத்தார்கள். சென்னை ‘பேன்யன்’ அமைப்பும் 2015 முதல், மனநோயிலிருந்து தேறியவர்களை நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடிவைக்கிறது. பால்காரர், கரண்ட் பில், பக்கத்து வீட்டு அக்காவின் விசாரிப்பு, பாதி வைத்தியம் இதில் நடந்துவிடும் என்பது என் கட்சி. முகவரி இருந்தால் ரேஷன் கார்டும் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டையும் கேட்க வழி பிறக்கும்.

புரட்டாசி, மார்கழியில் மேளத்துக்கு வேலை குறைவு. சும்மா இருக்காதே, கருவேப்பிலைத் தோட்டத்துக்குப் போ. செங்காம்புக் குச்சியை அடியோடு அறுத்துக் கட்டுக் கட்டி, வெயில் ஏறுமுன் லோடு ஏற்ற வேண்டும். கருக்கலில் எழ வேண்டியவன் ராத்திரி விழித்திருக்க மாட்டான்.

ஒருவேளை வழுக்கினால், ரூமைக் காலி செய்துவிட்டு ஓடாதே. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டுத் தனியாகச் சட்டென்று நிறுத்தவும் செய்யாதே. இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போ. பேச ஆள் வேண்டுமென்றால் 14446, காசில்லாத எண்.

வீட்டுக்காரர் தயங்கினால் எனக்கு ஃபோன் போடு, நானே வந்து பேசுகிறேன்.