அட்டை சட்டைப்பையில், குற்றம் ரத்தத்தில்

பென்சில்வேனியாவில் மருத்துவக் கஞ்சா அட்டை வாங்குவது பெரிய வித்தையில்லை. மாநிலச் சுகாதாரத் துறையில் பதிவு, பட்டியலில் உள்ள மருத்துவரின் சான்று, 50 டாலர் கட்டணம், பிறகு கடை. பிட்ஸ்பர்க் பக்கம் குழாய் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார். தீராத முதுகுவலிக்காக அட்டை வாங்கியவர் அவர். தன் மேல் வந்த வழக்கைப் பற்றி என்றால்தான் சாவகாசமாக உட்கார்ந்து பேசுகிறார்.

முந்தின இரவு நாக்கடியில் சில சொட்டு கஞ்சா எண்ணெய். மறுநாள் பகலில், பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் காரை நிறுத்தியது. உரிமத்தைக் கேட்டார்கள், இவர் கஞ்சா அட்டையையும் சேர்த்து நீட்டினார். ஒளிக்க ஒன்றுமில்லாத ஆள் என்று காட்டத்தான். கண் சிவந்திருக்கிறது என்றார் அதிகாரி; தூக்கமில்லாத கண் என்று இன்றும் வாதாடுகிறார் இவர். ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதித்தார். போதையில் வண்டி ஓட்டியதாக வழக்கு வந்தது.

2016 இல் ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்திட்ட சட்டம் நோயாளிகளுக்குக் கஞ்சாவை மருந்தாக்கியது. ஆனால் அதே மாநிலத்தின் 1972 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அதை ஹெராயினோடு முதல் அட்டவணையில் வைத்தது. அங்கிருந்து யாரும் எடுக்கவில்லை. முதல் அட்டவணைப் பொருள் ரத்தத்தில் துளி இருந்தாலும் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது வாகனச் சட்டம். அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருளுக்கும் இதே தடை. தினமும் மருந்து எடுப்பவருக்குப் போதை இறங்கிப் பல நாள் கழித்தும் அந்தச் சிதைபொருள் ரத்தத்தில் தங்கும். வாஷிங்டன் மாநிலம் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்று வரம்பு வைத்திருக்கிறது; சிதைபொருளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பென்சில்வேனியாவில் அட்டை இருந்தும் தப்ப முடியாது என்று 2022 இல் டாப்னி என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இவருக்குப் பிடித்தமான விஷயம் ஒன்று உண்டு. 2016 சட்டத்திலேயே ஒரு பிரிவு: உயரழுத்த மின்சார வேலையில் இருக்கும் நோயாளிக்கு ரத்த சீரத்தில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கு மேல் டி.எச்.சி. இருந்தால்தான் தடை. "மின்கம்பியைத் தொடலாம், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதா?" என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான்.

கோபமெல்லாம் சான்று கொடுத்த மருத்துவர் மேல். காணொளியில் வலியைப் பற்றி விசாரித்தவர், வண்டியைப் பற்றி மூச்சுவிடவில்லையாம். கடைப் பையன் எண்ணெயின் வாசனையை வர்ணித்தானாம். இருவரையும் அவர் மன்னிக்கப்போவதில்லை. சட்டத்தைத் தானே படித்திருக்கலாமே என்றால் பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது.

முதல் முறைக்கே 72 மணி நேரம் முதல் 6 மாதம் வரை சிறை, 1,000 முதல் 5,000 டாலர் அபராதம், 12 மாதம் உரிமம் முடக்கம் என்கிறது சட்டம். முதல்முறை சிக்கியவர்களுக்கான மேற்பார்வைத் திட்டத்தில் சேர்ந்து இவர் சிறையிலிருந்து தப்பினார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அறிவுரை தயார்: கேட்காமல் அட்டையை நீட்டாதே, வக்கீலைக் கூப்பிடு. பரிசோதனைக்கு மறுத்துவிடு என்று மட்டும் சொல்வதில்லை. மறுத்தாலும் உரிமம் போகும். அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் யோசி என்கிறார். கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தை எதிர்த்து, வாரன் மாவட்டத்தில் அட்டை வைத்திருக்கும் அரசு வழக்கறிஞரே 2024 இல் வழக்குப் போட்டார்.

"மகனை ஓட்டச் சொல்" என்பது கடைசி அறிவுரை. அவர் மகன் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பேருந்து எட்டிப்பார்க்காத ஊரில் தனியாக இருக்கும் நோயாளி என்ன செய்வார் என்பதற்கு அவரிடம் பதிலில்லை. மருத்துவக் கஞ்சாவையும் மற்ற மருந்துகளைப் போலவே நடத்த வேண்டும், ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருந்தார் என்று நிரூபித்தால்தான் குற்றம் என்று மாநில செனட்டர் கேமரா பார்டலோட்டா 2021 இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. இவர் தன் தொகுதி உறுப்பினருக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு கடிதத்திலும் முதல் பத்தி மின்கம்பிக்குத்தான்.