ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாமா?

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மார்பகத்தை எடுக்க இன்னும் இரண்டு நாள். பக்கத்தில் நாத்தனார், கையில் செல்போன். “இதே மாதிரி வச்சிடலாம் அண்ணி, ஒரே ஆபரேஷன்ல முடிஞ்சிடும்” என்று படம் படமாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

பதினொரு வருடமாக அந்த வராந்தாவுக்குப் போய்வருகிறேன். முதலில் நோயாளி, இப்போது பேச்சுத்துணை. கணவர் ஆசைப்பட்டார், மகள் கல்யாணம் வருகிறது, யாரோ நடிகை செய்துகொண்டாராம் என்று முடிவெடுத்து வந்தவர்கள் எத்தனையோ பேர்.

சீரமைப்பே வேண்டாம் என்று தழும்போடு இருந்துவிடலாம். பிராவுக்குள் செயற்கை மார்பகம் வைத்துக்கொள்ளலாம். சிலிக்கான் பை வைக்கலாம். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து வைக்கலாம். இதெல்லாம் டாக்டரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது அந்தச் சிலிக்கான் பையைப் பற்றி; அதிலும், மார்பகத்தை எடுக்கும் அன்றே அவசரமாக வைப்பதைப் பற்றி.

பை உள்ளே போனதும் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய உறை கட்டும். எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு அந்த உறை இறுகிப் பையை நெரிக்கத் தொடங்கும். கரண்ட் வைத்தவர்களுக்கு, அதாவது ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு, இந்த ஆபத்து கணிசமாகக் கூடும். எனக்குப் பையை வைத்துத் தைத்த பிறகுதான் ரிப்போர்ட் வந்தது. நான்கு நெறிகட்டிகளில் நோய். கரண்ட் கட்டாயம் என்றார்கள். ஒன்றரை வருடத்தில் இடது பக்கம் கல்லாகி மேலே ஏறிவிட்டது. ஆட்டோ வேகத்தடையில் குதித்தால்கூட அசையாது. மார்கழிக் காலையில் தொட்டால் அங்கே மட்டும் சில்லென்றிருக்கும். கடைசியில் எடுத்தே விட்டார்கள்.

ஒருமுறை வைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பதும் பொய். பை உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். அதனால்தான் 5, 6 வருடத்தில் ஒருமுறையும், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறையும் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் எஃப்டிஏ. அந்தச் செலவை எந்தப் படமும் காட்டுவதில்லை. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒரு ரகம், அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புள்ளது என்று 2019-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது.

என் கசப்பும் இதில் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. கரண்ட் தேவைப்படாதவர், ஒல்லியானவர், நீண்ட ஆபரேஷன் தாங்காதவர் ஆகியோருக்குப் பை பொருந்தலாம்.

நான் பிறகு போனது வயிற்றுச் சதைக்கு. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்து மார்பில் இணைக்கிறார்கள். பழைய முறையில் வயிற்றுத் தசையும் சேர்ந்து போகும். இதில் தசை தப்புகிறது. எனக்கு எட்டு மணி நேரம் ஆனது. அன்று இரவு முழுக்க நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து டாப்ளர் குச்சியை வைத்து, ‘உஷ், உஷ்’ என்று ரத்தம் ஓடுகிறதா என்று கேட்பார். சத்தம் நின்றால் மறுபடி தியேட்டர்தான். பாவாடை நாடாவுக்குக் கீழே இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தழும்பு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் புகைபிடிப்பவர்களும் இதில் இறங்குமுன் டாக்டரிடம் துருவிக் கேட்க வேண்டும். பழைய தொடுவுணர்ச்சி எந்த முறையிலும் பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது.

ஆனால் அவசரம் எதற்கு? கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து, தோல் ஆறிய பிறகும் செய்யலாம். வருடங்கள் கழித்தும் செய்யலாம். அதற்குள் உங்கள் உடம்பு எதைத் தாங்கும், உங்கள் வேலை எதைக் கேட்கும் என்று பாருங்கள். நாள் முழுக்கக் கையை உயர்த்தி வேலை செய்பவர், முதுகுத் தசையை எடுக்கச் சம்மதிக்குமுன் இரண்டு முறை யோசிக்கட்டும். பொறுத்திருந்து, வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

நாத்தனாரை டீ வாங்க அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன், “உனக்கு என்னம்மா வேணும்?”

“தெரியலக்கா. ஜாக்கெட்டெல்லாம் திரும்பத் தைக்கணுமான்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்.”

கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும், பருத்தி நூலில் பின்னிய மார்பகத்தை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். நாத்தனார் டீயோடு வருவது தெரிந்ததும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.