வீட்டுக் கல்வியிலிருந்து அரசுப் பள்ளிக்கு

கேள்வி: மகளுக்குப் பத்து வயது முடிகிறது. இதுவரை வீட்டிலேயே படித்தாள். இனி அரசுப் பள்ளியில் சேர்க்க முடியுமா? மாற்றுச் சான்றிதழ் இல்லையே!
- ஒரு வாசகி, குற்றாலம்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். வீட்டில் கற்பித்த பெற்றோர் பலர் பள்ளியை நாடுவது, பிள்ளைக்குக் கூட்டாளிகளும் மேற்படிப்புக்குச் சான்றும் வேண்டும் என்றுதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவுப்படி, பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் பற்றிய கவலை வேண்டாம்.

ஆறாம் வகுப்பைத் தவறவிடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அப்படிப் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். சாரல் தொடங்கும் ஜூனில்தான் பள்ளியும் திறக்கும். அதற்கு முன்பே பிறப்புச் சான்றிதழோடும் மகள் எழுதிய நோட்டுகளோடும் தலைமையாசிரியரைப் பாருங்கள்.