பழைய கமேரோவுக்குப் புது சைலன்சரா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் காருக்கு அடியில போ

சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுடலாம்னுதானே நினைச்சுட்டு இருக்கே? முதல்ல அந்த நினைப்பை விடு. ஐம்பத்தஞ்சு வருஷம் சூட்டிலயும் தண்ணியிலயும் வெந்து கிடந்த போல்ட், உன் மத்தியானச் சாப்பாட்டுக்காக அவசரப்படாது.

நான் இருக்கிறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். கார் கம்பெனி வேலைக்குன்னு இங்க வந்து குடியேறின நம்ம ஆளுங்க நிறைய. அதுல சில பேருக்குப் பழைய மசில் கார் ஆசையும் ஒட்டிக்கும். எங்க வீட்டுக் கராஜ்ல நிக்கறது 1968 ஷெவர்லே கமேரோ, 327 வி8 இன்ஜின். இந்தக் கார்ல எக்ஸாஸ்ட் வேலை ரெண்டு தடவை முழுசா என் கையால செஞ்சிருக்கேன், தெரிஞ்சவங்க காருக்கும் போய் உதவியிருக்கேன். தப்பெல்லாம் ஒரே மாதிரிதான் நடக்குது. அதனால சொல்றேன், கேளு.

பாகங்களோட பேரை மட்டும் தெளிவு பண்ணிக்கோ. இன்ஜினோட ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கற வார்ப்பிரும்பு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். அதுலேருந்து கீழே இறங்கற குழாய் ஹெட் பைப். நம்ம ஊர்ல சைலன்சர்னு சொல்றோமே, அதைத்தான் இங்க மஃப்ளர்ங்கறாங்க. 1967லேருந்து 1969 வரைக்குமான கமேரோவுல அது பின் ஆக்சிலுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவுல குறுக்கா படுத்திருக்கும். டேங்க் அவ்வளவு பக்கத்துல இருக்குங்கறதை வேலை முடியற வரைக்கும் மறக்காதே.

வாங்கறதுக்கு முன்னாடி

1. உன் கார்ல இப்ப என்ன இருக்குன்னு குனிஞ்சு பாரு. வித்தவர் சொன்னதை நம்பி ஆர்டர் போடாதே. இத்தனை வருஷத்துல இன்ஜின் மாறியிருக்கலாம், சிலிண்டர் ஹெட் மாறியிருக்கலாம். ஸ்பார்க் பிளக் நேரா இருக்கா, சாய்ஞ்சு இருக்கா? கியர் மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? மேனுவல்னா கிளட்ச் லிங்கேஜ் டிரைவர் பக்கம் குறுக்கே வரும், மேனிஃபோல்ட்டுக்குப் பதிலா போடற குழாய்க் கொத்து இருக்கே, ஹெடர்னு, அதுல சிலது அங்க போய் இடிக்கும். போன்ல பத்து போட்டோ எடுத்து வச்சுக்கோ. கழட்டினதுக்கு அப்புறம் எந்த ஹேங்கர் எந்த ஓட்டைலன்னு முழிக்கறப்ப அதுதான் கைகொடுக்கும்.

2. மேனிஃபோல்ட் விரிசல் இல்லாம இருந்தா அதை மாத்தாதே. எல்லாரும் ஹெடர் போடறாங்கன்னு நீயும் போடணும்னு இல்லை. ரேஸுக்குப் போறவங்களுக்கு அது சரி. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஐஸ்கிரீம் சாப்பிடப் போற காருக்கு நீள ஹெடர் போட்டா, ஸ்டார்ட்டர் மோட்டார் வெந்து சூட்டுல சுத்த மறுக்கும், பிளக் வயர் கருகும், வேகத்தடையில குழாய் உரசும், கேஸ்கெட் அடிக்கடி கசியும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் கனமா இருக்கும்தான், ஆனா சத்தமில்லாம இன்னும் ஐம்பது வருஷம் உழைக்கும்.

   விரிசல் இருக்கான்னு பார்க்க ஒரு பழைய வழி: நல்லா தேய்ச்சுக் கழுவி, மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விடு. துடைச்சுட்டு மேல சாக்பீஸ் பூசு. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் வெளியே ஊறி, வெள்ளையில கோடு மாதிரி தெரியும். அப்புறம் ஒரு இரும்பு ஸ்கேலை முகத்துல வச்சுப் பாரு. வளைஞ்சிருந்தா மெஷின் ஷாப்ல கொடுத்துச் சமன் பண்ணிக்கோ. வளைஞ்ச முகத்துல ரெண்டு கேஸ்கெட் வச்சுச் சமாளிக்கலாம்னு நினைக்காதே, ஒரு வாரம் தாங்காது.

3. குழாய் எந்த இரும்புன்னு கேட்டு வாங்கு. அலுமினியம் பூசின இரும்பு விலை குறைவு, வெயில் ஊர்ல நல்லா நாள் ஓடும். எங்க ஊர் மாதிரி குளிர்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டற இடம்னா 409 ஸ்டெயின்லெஸ்ஸாவது வேணும். 304 இன்னும் நல்லது, விலையும் அதுக்கேத்த மாதிரி. வளைவுகள் உள்விட்டம் நசுங்காத மேண்ட்ரல் வளைவான்னு பாரு.

4. விட்டம் பெருசா இருந்தா பவர் கூடும்னு சொல்றவங்களை நம்பாதே. 327க்கு ரெண்டு பக்கமும் இரண்டேகால் இன்ச் போதும், ஆசைப்பட்டா இரண்டரை. மூணு இன்ச் போட்டா அடியில இடம் பத்தாது, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்காது. கேடலிடிக் கன்வெர்ட்டர் அமெரிக்கக் கார்கள்ல பரவலா வந்தது 1975 மாடல்லேருந்துதான். அதனால உன் கார்ல அந்தக் கவலை இல்லை.

கழட்டறப்ப

சனிக்கிழமை வேலைன்னா புதன்கிழமையே ஆரம்பிச்சுடு. இதுதான் உனக்கு நான் தர்ற பெரிய குறுக்குவழி. புதன், வியாழன், வெள்ளி, மூணு ராத்திரியும் ரெண்டு நிமிஷம் ஒதுக்கி, ஒவ்வொரு போல்ட் மேலயும் துரு இளக்கற எண்ணெயை அடிச்சு விட்டுட்டுப் போய்த் தூங்கு. இன்ஜின் ஆறியிருக்கணும், சூட்டுல அடிச்சா தீப்பிடிக்கும். மறக்கறவளா இருந்தா எண்ணெய் டப்பாவைக் கராஜ் கதவுப் பக்கத்துலயே வை.

இதைச் செய்யாம நான் பட்டது இது. முதல் தடவை, வெளியே வெளிச்சம் போறதுக்குள்ள முடிச்சுடணும்னு ஒரு அவசரம். மேனிஃபோல்ட்டோட பின்கோடியில, டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கற சுவரை ஒட்டி ஒரு போல்ட். ஸ்பானருக்கு நீளமா பைப்பைச் செருகி அழுத்தினேன். அது சுத்துது, மெல்ல மெல்ல இளகுது, வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். இளகல, முறுகிட்டு இருந்தது. கையில ஒரு மெத்துனு உணர்வு, அப்புறம் 'டிக்'குனு சின்னச் சத்தம். போல்ட் மண்டை என் கையில, உடம்பு சிலிண்டர் ஹெட்டுக்குள்ள. அதை வெளியே எடுக்க மூணு சாயங்காலம் ஆச்சு. அந்த மெத்துனு உணர்வு வந்தா உடனே கையை நிறுத்திடு. அதுக்கப்புறம் ஒரு கால் சுத்துகூட கூடாது.

- இளகாத போல்ட்டை முதல்ல ஒரு நூலளவு இறுக்கிப் பாரு. துருப்பிடிப்பு அப்படித்தான் உடையும். அப்புறம் கொஞ்சம் திற, கொஞ்சம் இறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி திற.
- ஆறுமூலை சாக்கெட் மட்டும் எடு. பன்னிரண்டுமூலை சாக்கெட் தேய்ஞ்ச மண்டையை வழிச்சு விட்டுடும்.
- சூடு காட்டணும்னா நட்டுக்குக் காட்டு, அது ஏறியிருக்கற ஸ்டட்டுக்கு இல்லை. நட் விரிஞ்சாதான் விடும். பெட்ரோல் பைப், பிரேக் பைப் பக்கத்துல நெருப்பே வேண்டாம். தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டற தூரத்துல இருக்கட்டும்.
- தூக்கிப் போடப் போற குழாயை முழுசா காப்பாத்த மெனக்கெடாதே. ரெண்டா அறுத்து இறக்கு. ஆனா டேங்க் பக்கத்துல பொறி பறக்கற கட்டிங் வீல் கூடாது, அங்க ஆக்ஸா பிளேடுதான்.
- உடைஞ்சே போச்சா? அழாதே. கொஞ்சமாவது வெளியே நீட்டிட்டிருந்தா அது மேல ஒரு நட்டை வெல்டிங் பண்ணித் திருப்பு. உள்ள போயிருந்தா இடதுபக்கம் சுத்தற டிரில் பிட் வாங்கு. துளை போடறப்பவே பாதி நேரம் அது கழண்டு வந்துடும்.
- பழைய கேஸ்கெட்டை வயர் பிரஷ்ல காய்ஞ்ச நிலையில தேய்க்காதே. அந்தக் காலத்து கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணி தெளிச்சு நனைச்சு, மாஸ்க் போட்டு, சுரண்டி எடுத்துக் கவர்ல கட்டிப் போடு. குழந்தைங்க அந்தப் பக்கமே வரக்கூடாது.

வலதுபக்க மேனிஃபோல்ட்டுக்குக் கீழ ஹீட் ரைசர்னு ஒரு வால்வு இருக்கும். குளிர்ல இன்ஜின் சீக்கிரம் சூடேறணும்னு புகையைத் தடுத்து மேல திருப்பற பட்டாம்பூச்சித் தகடு. நிறைய கார்ல இது மூடின நிலையிலேயே துருப்பிடிச்சு நின்னுடும். புதுக் குழாய் எல்லாம் போட்டும் ஒரு பக்கம் மூச்சு முட்டும், காரணம் தெரியாம கார்புரேட்டரைத் திருகிட்டு இருப்பாங்க. விரலால அசைச்சுப் பாரு. சுலபமா ஆடணும்.

மாட்டறப்ப

இப்ப சொல்றதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோ: எல்லாம் தொங்கற வரைக்கும் எதையும் முழுசா இறுக்காதே. முன்னாடியிலேருந்து பின்னாடி வரைக்கும் எல்லாக் குழாயையும் மாட்டு, எல்லா நட்டையும் கை விரலால சுத்தி விடு, ஆடட்டும். காருக்கு அடியில படுத்து ஒவ்வொண்ணையும் திருப்பி, நகர்த்தி, நேராக்கு. அதுக்கப்புறம்தான் முன்னாடியிலேருந்து ஒவ்வொண்ணா இறுக்கிட்டே பின்னாடி வரணும். எல்லாத்தையும் நேராக்கறதுக்கு முன்னாடியே முன்பக்கத்தை முறுக்கிட்டா அங்க ஒரு நூல் கோணல், பின்னாடி பம்பர்கிட்ட ரெண்டு இன்ச் கோணலா வந்து நிக்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில தலையை நீட்டாதே. சமதரையில நல்ல ஸ்டாண்ட் போடு. பின்பக்க ஸ்டாண்டை பாடிக்கு அடியில வைக்காம ஆக்சிலுக்கு அடியில வை. ஏன்னா, பாடியைத் தூக்கினா ஆக்சில் கீழே தொங்கும், குழாய்க்கு நிறைய இடம் இருக்கற மாதிரி தெரியும். கீழே இறக்கினதும் ஆக்சில் மேல வந்து குழாய்ல மோதும். ரெண்டு பேர் பின்சீட்ல உட்கார்ந்தா ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'டங் டங்'குனு அடிக்கும். ஆக்சிலுக்கு மேல வளையற குழாய்க்கு எவ்வளவு இடம் கிடைக்குமோ அவ்வளவும் விடு. மத்த இடத்துலயும், பிரேக் பைப், பெட்ரோல் பைப், பார்க்கிங் பிரேக் கேபிள், தரைத் தகடு, எல்லாத்துக்கும் ரெண்டு விரல் நுழையற இடைவெளி வேணும்.

1. மேனிஃபோல்ட் போல்ட்டை நடுவுலேருந்து ஓரத்துக்கு இறுக்கு. டார்க் ரென்ச் இல்லைன்னா கடன் வாங்கு. இந்த இன்ஜினுக்கு நடு போல்ட் 30 பவுண்ட்-அடி, ஓர போல்ட் 20. ஒரே மூச்சுல வேண்டாம், ரெண்டு மூணு சுத்தா ஏத்து. மாட்டறதுக்கு முன்னாடி ஓட்டையில மரை வெட்டற டேப் விட்டு மரையைச் சுத்தம் பண்ணியிருக்கணும், இல்லைன்னா ரென்ச் காட்டறது துருவோட இறுக்கம்.

2. ஹெட் பைப்பைப் பிடிக்கற நட்டைப் பித்தளையில வாங்கு. பித்தளை ஸ்டட்டோட துருப்பிடிச்சு ஒட்டாது. பத்து வருஷம் கழிச்சுக் கழட்டறப்ப என்னை நினைப்பே. ஸ்டட் மேல, ஒட்டிக்காம இருக்கத் தடவற ஆன்ட்டி-சீஸ் பசை லேசா, பல்லுக்குப் பேஸ்ட் வைக்கற அளவுகூட வேண்டாம்.

3. யு-போல்ட் கிளாம்பை வெறி பிடிச்ச மாதிரி இறுக்காதே. குழாய் நசுங்கிடும், அப்புறம் அந்த ஜாயின்ட்டை யாராலயும் பிரிக்க முடியாது. பட்டையா வர்ற பேண்ட் கிளாம்ப் கொஞ்சம் விலை கூட, ஆனா எத்தனை தடவை வேணும்னாலும் கழட்டி மாட்டலாம்.

4. ஹேங்கர்ல ரப்பர் இருக்கணும். வி8 ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் ஒரு பக்கமா உதறும். கம்பியில இறுக்கிக் கட்டினா அந்த உதறல் எல்லாம் மேனிஃபோல்ட்டுக்குப் போய் விரிசல் விடும்.

5. வெல்டிங் பண்றதா இருந்தா பேட்டரி வயரைக் கழட்டிடு, இல்லைன்னா ஆல்டர்னேட்டர்ல இருக்கற டயோட் போயிடும். கார்ல இருக்கறப்ப பொட்டு மட்டும் வை. முழு வெல்டிங்கைக் குழாயைக் கீழே இறக்கி, காரை விட்டுத் தள்ளி வச்சுப் பண்ணு.

6. வால் குழாய் பம்பரைத் தாண்டி வெளியே வரணும். அழகா இருக்குன்னு டிக்கிக்கு அடியிலேயே நிறுத்தினா, பழைய டிக்கி ரப்பர் இடுக்கு வழியா புகை உள்ள வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பின்சீட்ல தூங்கற குழந்தை தூங்கற மாதிரியேதான் இருக்கும். இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கறதில்லை.

ஸ்டார்ட் பண்றப்ப

காரை வெளியே தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணு. கராஜ் கதவைத் திறந்து வச்சா போதும்னு நினைக்காதே. முதல் பத்து நிமிஷம் புதுக் குழாய்ல இருக்கற எண்ணெய்ப் பூச்சு எரிஞ்சு புகையும். பயப்படாதே, அடங்கிடும்.

கசிவு பார்க்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. இன்ஜின் ஆறினதும், காத்து ஊதற மாதிரி மாத்தக்கூடிய வாக்யூம் கிளீனரை ஒரு வால் குழாய்ல வச்சு, இன்னொண்ணைத் துணியால அடை. பாத்திரம் தேய்க்கற சோப்பைத் தண்ணியில கலந்து ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தெளி. நுரை பொங்கற இடம்தான் ஓட்டை.

முதல் ஓட்டத்துக்கு அப்புறம், முழுசா ஆறினதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை தொட்டுப் பாரு. சூட்டுல கேஸ்கெட் அமுங்கியிருக்கும், நிச்சயமா சிலது இளகியிருக்கும். நூறு மைல் ஓட்டினதும் இன்னொரு தடவை.

அப்புறம் இந்தக் காரைக் கடைக்கும் வீட்டுக்கும் அஞ்சு நிமிஷம் ஓட்டி ஓட்டி நிறுத்தாதே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி புகையோட வருது. சைலன்சர் சூடேறலைன்னா அந்தத் தண்ணி உள்ளயே தங்கி, உள்ளேருந்தே அரிக்கும். எடுத்தா அரை மணி நேரமாவது ஓட்டு.

காலையில முதல் ஸ்டார்ட்ல பானெட்டைத் திறந்து வச்சுக் காதைக் கொடு. 'டிக் டிக் டிக்'குனு ஒரு சத்தம் வந்து, ரெண்டு நிமிஷத்துல தானா மறையுதா? சரியாயிடுச்சுன்னு பானெட்டை மூடிடாதே. இரும்பு சூட்டுல விரிஞ்சு ஓட்டையை அடைச்சிருக்கு, அவ்வளவுதான். இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, டார்க் ரென்ச்சை எடுத்து, அந்தப் பின்கோடி போல்ட்லேருந்து பார்க்க ஆரம்பி.