வைக்கோலிலிருந்து எண்ணெய்: பாக்டீரியாவும் பொருளாதாரமும்

பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்பிற்கும் இடைப்பட்ட காலம் சில வாரங்களே. வைக்கோலை அகற்றும் செலவைத் தாங்க இயலாத விவசாயிகள் பலர் அதை வயலிலேயே எரித்துவிடுகின்றனர். மறுபுறம், 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவிகிதம் பயோடீசல் கலப்பதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டிற்கு அந்த எண்ணெயை எரிபொருளாக்குவது பொருந்தாது. ஆகவே, தாவரக் கழிவிலிருந்து எண்ணெய் பெறும் முறை ஆராயத் தக்கதாகிறது.

பாக்டீரியாவின் பணி

ரோடோகாக்கஸ் ஒபாகஸ் என்னும் பாக்டீரியா இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டதாகும். சர்க்கரை மிகுந்தும் நைட்ரஜன் குறைந்தும் உள்ள சூழலில், அது பெருகுவதைக் குறைத்துக்கொண்டு சர்க்கரையைக் கொழுப்பாகச் சேமிக்கிறது. அதன் ஒரு வகை, உலர் எடையில் 70 சதவிகிதத்திற்கும் மேல் கொழுப்பைச் சேமித்தது ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டுள்ளது. இக்கொழுப்பை மெதனாலுடன் வினைபுரியச் செய்தால் பயோடீசல் கிடைக்கும்.

எனினும், இந்த பாக்டீரியா வைக்கோலை நேரடியாக உண்பதில்லை. முதலில் அமிலம் அல்லது நீராவியால் வைக்கோலைப் பதப்படுத்த வேண்டும். பின்னர் அதிலுள்ள செல்லுலோஸை என்சைம்களால் சர்க்கரையாக்க வேண்டும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து கிடைக்கும் சைலோஸையும் பயன்படுத்தும் பொருட்டு, இதன் மரபணுக்கள் ஆய்வாளர்களால் மாற்றியமைக்கப்பட்டுள்ளன.

வரவும் செலவும்

100 கிலோ வைக்கோலிலிருந்து 50 கிலோ சர்க்கரை கிடைப்பதாகக் கொள்வோம். சர்க்கரையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கொழுப்பாக மாற இயலும். அதாவது, உச்ச வரம்பு சுமார் 16 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தால் 10 கிலோ மட்டுமே. அதே சர்க்கரை எத்தனாலாக மாறினால், உச்ச வரம்பு சுமார் 25 கிலோவாகும். எண்ணெய்க்கு வெப்ப ஆற்றல் அதிகம் என்பதும், அது டீசல் எஞ்சினுக்கு உகந்தது என்பதும் உண்மையே. ஆயினும் பாக்டீரியாவுக்கு இடைவிடாது காற்றூட்டவும், செல்களை உடைத்து எண்ணெயைப் பிரிக்கவும் மின்சாரம் செலவாகும்.

வைக்கோலைப் பெருமளவில் திரட்டும் அனுபவம் நாட்டிற்குப் புதிதன்று. ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிக்கத் திட்டமிடப்பட்ட பானிப்பட்டு ஆலை 2022-இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது.

படிப்பினை

2009-ஆம் ஆண்டின் கொள்கை, 2017-க்குள் 20 சதவிகித உயிரி எரிபொருள் கலப்பை எதிர்நோக்கியது. பெரிதும் நம்பப்பட்ட காட்டாமணக்கின் விதை போதிய அளவில் கிடைக்கவில்லை. பயோடீசல் குறிக்கோள் எட்டப்படவில்லை. மூலப்பொருளை விளைவிப்பவருக்கு ஆதாயம் இல்லையெனில் எத்தொழில் நுட்பமும் நிலைபெறாது என்பதே அதன் படிப்பினை. வைக்கோலைக் கட்டி ஆலைக்கு அனுப்பும் செலவுக்கு மேல் விவசாயிக்கு ஓரளவேனும் மிஞ்ச வேண்டும். அவ்வாறு மிஞ்சாத வரை, ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா எவ்வளவு கொழுப்பைச் சேமித்தாலும், வயலில் வைக்கோல் எரிந்துகொண்டுதான் இருக்கும்.