இமைமுடி ஏன் நீள்கிறது?

முடி வளர்ச்சி பற்றிப் பேசும்போது மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: "தலைமுடி இடுப்பு வரை வளருது, இமைமுடி மட்டும் ஏன் சார் வளர மாட்டேங்குது?"

விடை வளர்ச்சிக் காலத்தில் இருக்கிறது. தலைமுடி ஒன்று சில ஆண்டுகள் தொடர்ந்து வளரும். இமைமுடி சில வாரங்களே வளர்ந்து, ஓய்ந்து, உதிரும். அதனால் மேல் இமைமுடி பொதுவாக 8 முதல் 12 மில்லிமீட்டர் வரையே இருக்கும். வளர்ச்சிக் காலம் கூடினால் நீளமும் கூடும். இயல்பை மீறிய இந்நிலையை மருத்துவர்கள் 'டிரைக்கோமெகலி' என்பர்.

இதற்கான காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

பிறவிக் காரணம்: எஃப்.ஜி.எஃப்.5 என்னும் மரபணு முடி வளர்ச்சியை நிறுத்த உதவும் புரதத்தை உருவாக்குகிறது. அதில் மாற்றம் ஏற்பட்ட குடும்பங்களில் இமைமுடி மிக நீளமாக வளரும். 1965இல் ஆலிவர், மெக்ஃபார்லேன் ஆகியோர் விவரித்த அரிய நோயில், நீண்ட இமைமுடியுடன் உயரக் குறைவும் விழித்திரைப் பாதிப்பும் சேர்ந்து காணப்படும்.

மருந்துகள்: கண் அழுத்த நோய்க்கான பிமட்டோபிராஸ்ட் சொட்டு மருந்தின் பக்கவிளைவு இது. அதையே பயனாக்கி, இமைமுடி வளர்க்க அம்மருந்தை 2008இல் அமெரிக்கா அனுமதித்தது. எர்லோடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளும், சிறுநீரக நோயுள்ள சில குழந்தைகளுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரினும் முடியை நீளச் செய்யும்.

நோய்கள்: நாட்பட்ட ஒவ்வாமைக் கண் அழற்சியிலும், எச்.ஐ.வி. முற்றிய நிலையிலும் இமைமுடி நீள்வதுண்டு.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நீண்ட இமைமுடி குடும்ப இயல்பே, கவலை வேண்டாம். ஆனால் அத்துடன் ஓயாமல் கண்ணைக் கசக்குதல், கரும்பலகை தெரியாமை, மங்கிய வெளிச்சத்தில் தடுமாறுதல், வயதுக்கேற்ற உயரமின்மை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பெற்றோரிடம் தனியே சொல்லி, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுவோம். நோயின் பெயரைச் சொல்வது மருத்துவர் வேலை. வகுப்பில் நாம் ஊகித்துப் பேசலாகாது.

கேலியையும் கவனிக்க வேண்டும். முகத்தில் முடி கூடியதற்காகச் சக மாணவர்கள் பட்டப்பெயர் வைத்தால், அதற்கு அஞ்சிப் பிள்ளை சைக்ளோஸ்போரினை ஒளித்துவைக்கக்கூடும். அது சிறுநீரகத்துக்கே ஆபத்து. முடி வளர்ச்சிப் பாடத்தைப் பொதுவாக நடத்தி, "மருந்தாலும் முடி வளரும், மருந்தின் தேவை தீர்ந்தபின் பெரும்பாலும் குறையும்" என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டால், யாரையும் சுட்டிக்காட்டாமலேயே அந்தக் கேலியை நிறுத்தலாம்.