சோப்புக் குமிழிக்கு இரண்டு பரப்பு

நீட் இயற்பியலில் பரப்பு இழுவிசையும் பாகுநிலையும் சூத்திரம் தெரிந்தவர்களையே கவிழ்க்கும் பகுதி. பிளஸ் ஒன் பாடநூலை ஒருமுறை ஒழுங்காக வாசித்து, சூத்திரங்களை ஒரே தாளில் எழுதி வைப்பது முதல் வேலை. இதைப் பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள்.

தடுக்கி விழுவது அடுத்த படியில்தான்: பரப்புகளை எண்ணுவது. 2016-ல் நடந்த இரண்டாம் கட்ட நீட் தேர்வில் ஒரு கணக்கு. 4 செ.மீ., 2 செ.மீ. பக்கங்கள் கொண்ட செவ்வகத் திரவப் படலத்தை 5-க்கு 4 செ.மீ. ஆக விரிக்க 0.0003 ஜூல் வேலை ஆகிறது. பரப்பு இழுவிசை என்ன? பரப்பு கூடியது 12 சதுர செ.மீ. என்று வகுத்தால் 0.25 வரும். அது தப்பு. படலத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் உண்டு. ஆகவே கூடியது 24 சதுர செ.மீ. விடை 0.125 நியூட்டன்/மீட்டர். தவறான விடை நான்கு மதிப்பெண்ணைக் கோட்டை விடுவதோடு நிற்பதில்லை, கையில் இருப்பதிலும் ஒன்றைப் பிடுங்கும்.

மழைத்துளிக்கு ஒரே பரப்பு. நீருக்குள் இருக்கும் காற்றுக் குமிழிக்கும் ஒன்றுதான். அதைக் குமிழி என்ற பெயரைப் பார்த்தே இரண்டாக்கிவிடுகிறார்கள்! காற்றில் மிதக்கும் சோப்புக் குமிழிக்கு மட்டும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. படம் வரைந்து பரப்பை எண்ணாமல் சூத்திரத்தில் கை வைக்கவே கூடாது.

பாகுநிலையில் விகிதம் தெரிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. முற்றுத்திசைவேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதம். எட்டுச் சம துளிகள் சேர்ந்து ஒன்றானால் ஆரம் இரண்டு மடங்கு, வேகம் நான்கு மடங்கு. பரப்பு ஆற்றலோ பாதியாகிறது. 2018-ல், திரவத்தில் முற்றுத்திசைவேகத்தோடு விழும் கோளத்தால் வெப்பம் உண்டாகும் வீதத்தைக் கேட்டார்கள். பாகியல் விசையை வேகத்தால் பெருக்கினால் ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு வந்து நிற்கும். எண்களைப் பிரதியிட்டு மல்லுக்கட்டுவது வீண்வேலை.

வெப்பநிலை கூடினால் திரவத்தின் பாகுநிலை குறையும், வாயுவின் பாகுநிலை கூடும். நுண்புழை நீளம் போதாவிட்டால் நீர் வழியாது. விளிம்பில் பிறைத்தளத்தின் வளைவு ஆரம்தான் பெரிதாகும். இவற்றை அப்படியே மனப்பாடம் செய்யலாம்.

பிறகு பழைய வினாத்தாள்களில் இந்தப் பாடக் கணக்குகளை மட்டும் பிரித்தெடுத்து, கால்குலேட்டரைத் தொடாமல் போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வறைக்குள் அதற்கு அனுமதி இல்லை.